மூன்று லட்சம் அட்டை சேர்த்த பிரம்மச்சாரி

ஒரு சிகரெட் அட்டை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒன்றரை அங்குல அகலம். இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான உயரம். அதில் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் வண்ணப் படம்.

இந்த அட்டை 2022-ம் ஆண்டில் என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 72½ லட்சம் டாலர்!

அதே அட்டை ஒன்று இன்னொரு மனிதரிடமும் இருந்தது. அவர் பணக்காரர் அல்ல. தொழிற்சாலையில் கூலி வாங்கியவர். வாடகை அறையில் குடியிருந்தவர். அவர் அதை விற்கவில்லை. தம்மிடம் இருந்த மற்ற அட்டைகளோடு சேர்த்து, ஒரு காசு வாங்காமல் காட்சிச்சாலைக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் பெயர் ஜெபர்சன் பர்டிக்.

அப்பாவின் சிகரெட்

பர்டிக் பிறந்தது 1900-ம் ஆண்டில். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், சிராகியூஸ் நகருக்கு அருகே உள்ள சென்ட்ரல் ஸ்கொயர் என்னும் சிற்றூர் அவருடைய சொந்த ஊர்.

அந்தக் காலத்துச் சிகரெட் பெட்டி மெல்லிய காகிதத்தால் ஆனது. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையைச் செருகுவானேன், அதில் ஒரு படத்தைப் போடலாமே என்று வியாபாரிகளுக்கு யோசனை தோன்றியது. பறவைகள், கொடிகள், நடிகைகள், பேஸ்பால் வீரர்கள் என்று வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டைப் போலவே மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம். அமெரிக்கச் சிறுவர்களுக்கு அது உயிர். சிகரெட் பிடித்தது தகப்பனார். அட்டை கிடைத்தது பிள்ளைக்கு. ஒரே அட்டை திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளைக்கு அலுப்புத் தட்டும். வேறு மார்க் சிகரெட்டுக்கு மாறும்படி அப்பாவை நச்சரிக்கும். சிறுவன் பர்டிக்கும் இப்படித்தான் சேர்க்க ஆரம்பித்தார்.

மற்றப் பையன்களுக்கு மீசை முளைத்ததும் அட்டை மோகம் போய்விட்டது. இவருக்குப் போகவில்லை. இத்தனைக்கும், பேஸ்பால் ஆட்டத்தில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது என்று சொல்வார்கள். அவரைப் பிடித்துக்கொண்டது ஆட்டம் அல்ல, அட்டை.

சிராகியூஸ் சர்வகலாசாலையில் படித்துவிட்டு, அதே ஊரில் கிரவுஸ் ஹிண்ட்ஸ் என்ற மின்கருவித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் சாப்பாடும் வாடகையும் போக மிஞ்சியது அட்டைகளுக்குப் போயிற்று. கைகால் மூட்டுகளைக் கீல்வாதம் பிடித்துக்கொண்டது. வாழ்நாள் முழுவதும் அது விடவில்லை.

உன்னிடம் இரண்டு, என்னிடம் இரண்டு

அட்டை சேர்ப்பவனுக்கு முக்கியமானது கையில் இருக்கும் அட்டை அல்ல, இல்லாத அட்டைதான். ஐம்பது அட்டை கொண்ட வரிசையில் நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டால், அந்த ஐம்பதாவது அட்டை தூக்கத்தைக் கெடுக்கும். அது எங்கோ ஓர் ஊரில் ஒருவரிடம் இரண்டு பிரதியாகக் கிடக்கும். அவருக்கு வேண்டிய வேறொன்று நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கும். இருவரும் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம். பணத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது எப்படி? கண்டுபிடித்தாலும், எந்த அட்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிவிப்பது எப்படி?

தபால் தலை சேர்ப்பவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. எல்லாவற்றுக்கும் அச்சிட்ட ஜாபிதா உண்டு, எண் உண்டு. அட்டைக்கு அப்படி ஒன்றும் இல்லை. சிகரெட் கம்பெனிகளில் பல மூடிப்போய்விட்டன. எந்த வருஷத்தில் எத்தனை படம் அச்சடித்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. நீல நிறப் பின்னணியில் மட்டையோடு நிற்பவர் என்று ஒருவர் கடிதம் எழுதுவார். அப்படி நிற்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள்!

பெரியவர்கள் சிகரெட் அட்டை சேர்த்தால் ஊர் சிரித்த காலம் அது. நாடு முழுவதும் ஆங்காங்கே ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்தார்கள். 1937-ம் ஆண்டில் பர்டிக் அவர்களுக்காக ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். என்னிடம் இது அதிகம், எனக்கு இது வேண்டும் என்று தெரிவித்துக்கொள்ள அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

முன்பின் பாராத ஒருவருக்கு அரிய அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டு, பதில் அட்டை வரும் என்று காத்திருப்பது லேசான காரியம் அல்ல. இன்று லட்சக்கணக்கில் கைமாறும் அட்டைகள் அன்று அந்த நம்பிக்கை ஒன்றின் பேரில்தான் பிரயாணம் செய்தன.

எழுத்தும் எண்ணும்

1939-ம் ஆண்டில் பர்டிக் ஜாபிதாவையும் வெளியிட்டார். தாம் ஒருவரே சேர்த்த விவரம் அல்ல அது. நண்பர்கள் தங்கள் பெட்டிகளைக் குடைந்து பார்த்து எழுதி அனுப்பிய பட்டியல்களை ஒன்றுபடுத்தினார். பிறகு 1946, 1953, 1960 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அட்டை ஜாபிதா என்ற பெயரில் பெரிய பதிப்புகள் வந்தன.

அவருடைய முறை மிகச் சுலபமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்' என்ற எழுத்து. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'டி'. மிட்டாய் அட்டைக்கு ஓர் எழுத்து. பிற்காலத்துச் சூயிங்கம் அட்டைக்கு ஓர் எழுத்து. எழுத்தை அடுத்து வரிசையின் எண். அதற்குப் பிறகு ஒருவர் கார்டில் ஒரே வரி எழுதினால் போதும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் சரியான அட்டையை எடுத்துவிடுவார்.

இவற்றுள் புகழ்பெற்றது டி 206. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசை அது. மொத்தம் 524 அட்டைகள். நாம் முதலில் பார்த்த 72½ லட்சம் டாலர் அட்டை இதைச் சேர்ந்ததுதான். அதில் இருப்பவர் பிட்ஸ்பர்க் நகரக் கோஷ்டியில் ஆடிய ஹோனஸ் வாக்னர். அந்தக் காலத்தில் அவருக்கு இணையான ஆட்டக்காரர் வெகு சிலரே.

வாக்னர் தம் படத்தைப் போடக் கூடாது என்று தடுத்துவிட்டார். அதற்குள் கொஞ்சம் அட்டைகள் வெளியேறிவிட்டன. குழந்தைகள் அட்டைக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு கதை. கம்பெனி பணம் கொடுக்கவில்லை என்பது இன்னொரு கதை. வாக்னரே புகையிலை மெல்லுகிறவர் என்பதால் முதல் கதையை நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. எப்படியானாலும், இன்று எஞ்சியவை ஐம்பது, அறுபதுக்கு மேல் இருக்காது.

பர்டிக் தம் ஜாபிதாவில் சாதாரண அட்டைகளுக்குச் சில சென்ட்தான் விலை போட்டிருந்தார். வாக்னருக்கு அவர் போட்ட விலை 50 டாலர். அன்று அதுவே தலை சுற்றும் விலை!

காட்சிச்சாலையின் மூலையில்

நோய் முற்றிக்கொண்டு வந்தது. தமக்குப் பிறகு இந்த அட்டைகள் நாலா பக்கமும் சிதறிவிடுமே என்ற கவலை அவரை அரித்தது. 1947-ம் ஆண்டில் அவர் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் காட்சிச்சாலையை அணுகினார். உலகப் பிரசித்தி பெற்ற ஓவியங்களும் சிலைகளும் இருக்கும் இடம் அது. அங்கே சிகரெட் அட்டையா என்று யாரும் கேட்கலாம். அச்சுப் படப் பிரிவின் தலைவர் ஹயாட் மேயர் அப்படிக் கேட்கவில்லை. ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் நீங்களே வந்து ஒழுங்குபடுத்தித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

சிராகியூஸிலிருந்து நியூயார்க்குக்கு 250 மைல். பெட்டி பெட்டியாக அட்டைகள் போயின. பர்டிக்கும் போய்வந்தார். 1959-ம் ஆண்டில் வேலையை விட்டுவிட்டு நியூயார்க்கிலேயே குடியேறினார். அச்சுப் படப் பிரிவில் அவருக்கு ஒரு சிறிய மேஜை போட்டுக் கொடுத்தார்கள்.

விரல்கள் கோணிப் போய்விட்டன. கோட்டு மாட்டுவதே பெரும்பாடு. அந்த விரல்களால் ஒவ்வோர் அட்டையாக எடுத்து, எண் பார்த்து, பசை தடவி, ஆல்பத்தில் ஒட்டினார். பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். கடை விளம்பர அட்டைகள், தபால் அட்டைகள், காதலர் வாழ்த்துகள், சுருட்டுக் காகிதங்கள் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து மூவாயிரத்துக்கும் அதிகம். கை முந்துமா, சாவு முந்துமா என்ற நிலை.

1963 ஜனவரி 10. மாலை ஐந்து மணி. கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். எழுந்து சிரமத்தோடு மேல்கோட்டை மாட்டிக்கொண்டார். வேலை முடிந்தது, இனி வரமாட்டேன் என்று மேயரிடம் தெரிவித்துவிட்டு நடந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச் 13-ந் தேதி அங்கேயே காலமானார்.

பசை போட்டு ஒட்டியதைப் பற்றி அட்டைப் பிரியர்கள் பிற்பாடு மிகவும் வருத்தப்பட்டார்கள். பசை பட்டால் மதிப்புப் போயிற்று. முதுகுப்புறம் இருக்கும் எழுத்தும் மறைந்துவிடும். அவர்கள் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் பர்டிக் அவற்றை மறுபடி கைமாற்றுவதற்காக ஒட்டவில்லையே!

இன்றும் அந்தக் காட்சிச்சாலையில் அவருடைய பேஸ்பால் அட்டைகளை, ஒவ்வொரு தடவையும் சிலவாக மாற்றி மாற்றி, பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கிறார்கள். வாக்னரும் அங்கேதான் இருக்கிறார்.