தோட்டத்து மக்களின் நடேசய்யர்

தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது அத்துமீறல் எனக் கருதப்பட்ட காலம் அது. துரையின் அனுமதியின்றி லயத்துக்குச் செல்ல இயலாது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887-1947) புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்தார். அங்கே கண்ட துயரமே அவரை இந்நாட்டில் தங்கச் செய்தது எனலாம்.

கூலிக்கு வந்தவன் கடனோடு வந்தான். அவன் கடன் தொகை ஒரு துண்டில் எழுதப்படும். அத்தொகையைக் கொடுக்கும் தோட்டம் அவனைப் பெற்றுக்கொள்ளும். இத்துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கங்காணியின் கணக்குப் புத்தகம் ஒழியவில்லை. எழுத்தறியாதவன் அதில் எதைச் சரிபார்ப்பான்? அதனாலேயே ஐயர் பத்திரிகை நடத்தினார். தொழிலாளருக்குரிய சட்டங்களை எளிய தமிழில் சிறு நூல்களாக்கி விளக்கினார். வாசிக்கத் தெரியாதோருக்கு அவரது துணைவியார் மீனாட்சியம்மையின் பாடல்கள் இருந்தன. அம்மையார் கூட்டங்களில் தாமே பாடுவார். ஐயரின் பேச்சைவிட அப்பாடல்கள் சில லயங்களில் அதிக தூரம் சென்றிருக்கும்.

1925இல் சட்டசபை சென்றார். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1929 முதல் குறைந்தபட்சக் கூலி வந்தது. இதன் பெருமை முழுவதும் ஐயருக்கே உரியதன்று. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் இருந்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், நடுநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. பெண்ணுக்கு முறையே 43, 41, 40. சப்ரகமுவையின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை பின்னைய இரு பிரிவுகளையே சேர்ந்தவை. விடியுமுன் பால் வெட்டப் போகிறவளுக்குக் கொழுந்தெடுப்பவளைவிட இரண்டு மூன்று சதம் குறைவு!

ஏ. ஈ. குணசிங்காவோடு கொழும்பில் தொழிற்சங்கப் பணி செய்த ஐயர், பின் அவரைப் பிரிந்து, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற்சங்கம் அதுவே. உலகச் சந்தை வீழ்ந்தபோது கூலியும் வெட்டப்பட்டது. எதிர்த்து நின்ற சங்கமும் நலிந்தது. சங்கத்தில் பெயர் கொடுத்தவனுக்குப் பற்றுச்சீட்டு காத்திருந்தது. வேலை போனால் லயக்காம்பறாவும் போகும். அந்த அச்சத்தின் நடுவிலும் ஹட்டன் மக்கள் 1936இல் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

1947இல் ஐயர் மறைந்தார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆண், பெண் கூலி வேற்றுமை நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.