கல்ச்சர் ரிப்போர்ட் வர ஏன் ரெண்டு நாள் ஆகிறது? ராபர்ட் கோக் என்ற கிராமத்து டாக்டரின் கதை

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே குளிர் காய்ச்சல். டாக்டரிடம் போனால் 'யூரின் கல்ச்சர்' என்று எழுதித் தருகிறார். லேபில் சாம்பிள் கொடுத்துவிட்டு எப்போது ரிசல்ட் என்று கேட்டால், ரெண்டு மூணு நாளாகும் என்கிறார்கள். சர்க்கரை அளவெல்லாம் அன்றைக்கு மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

ஏனென்றால் லேபில் உங்கள் உடம்பிலிருந்து எடுத்த கிருமியை வளர்க்கிறார்கள். ஒரு சின்னத் தட்டில், ஜெல்லி மாதிரியான ஊட்டத்தின் மேல் அதைத் தடவி, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர்ந்தால்தான் இன்ன கிருமி என்று உறுதியாகச் சொல்ல முடியும். இந்த முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர், ஒரு சின்ன ஊரில் அரசு மருத்துவராக இருந்த ராபர்ட் கோக். கோச் என்று படித்தவர்களும் இருப்பீர்கள், அதே ஆள்தான்.

மாட்டுக் கண்ணும் மரச் சிராயும்

1843 டிசம்பர் 11-ம் தேதி, ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. வீட்டில் 13 பிள்ளைகள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1866-ல் பட்டம் வாங்கினார். உலகம் சுற்ற வேண்டும் என்று ஆசை. ஆனால் எம்மியைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெண் குழந்தையும் பிறந்து, ஊர் ஊராக வேலை மாறிக்கொண்டிருந்தார். 1870-ல் பிரான்சுடன் போர் வந்தபோது தானாக முன்வந்து ராணுவ மருத்துவரானார். 1872-ல் வோல்ஸ்டைன் என்ற ஊரில் மாவட்ட மருத்துவ அதிகாரி வேலை கிடைத்தது. அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.

வோல்ஸ்டைனைச் சுற்றி விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி ஆந்த்ராக்ஸ். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்று சொல்கிற அதே நோய். காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலையில் செத்துக் கிடக்கும். செத்த மாட்டின் ரத்தத்தில் குச்சி குச்சியாக ஏதோ இருப்பதை வேறு சிலர் முன்பே மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தக் குச்சிதான் நோயைக் கொடுத்ததா, இல்லை நோய் வந்ததால் அந்தக் குச்சி வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கோக்கிடம் லேப் இல்லை, உதவியாள் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையையே திரை போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் ஆராய்ச்சி. மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தது மனைவி எம்மி என்பார்கள். ஊசி போட வசதியில்லாததால் மரச் சிராயைச் சூடுபடுத்தி, அதில் செத்த விலங்கின் ரத்தத்தைத் தொட்டு, சுண்டெலியின் வாலடியில் கீறிச் செருகினார். எலி மறுநாள் செத்தது. அதன் ரத்தத்திலும் அதே குச்சிகள்.

இதோடு விட்டிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. ரத்தத்தில் குச்சியோடு வேறு ஏதாவது விஷமும் கலந்து போயிருக்கலாமே என்ற சந்தேகம் அவருக்கே வந்தது. அதனால் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரை எடுத்து, ஒரு துளியில் கிருமியை வளர்த்தார். அதிலிருந்து துளியூண்டு எடுத்து அடுத்த துளியில் வளர்த்தார். இப்படியே மாற்றி மாற்றிப் போனால், முதலில் எடுத்த ரத்தம் கடைசித் துளியில் இருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் கடைசித் துளியும் எலியைக் கொன்றது. சாதகமில்லாத சூழலில் இந்தக் கிருமி தடித்த ஓடு போட்ட விதை மாதிரி மாறி உறங்குவதையும் பார்த்தார். ஒரு மேய்ச்சல் நிலம் ஏன் வருஷக் கணக்கில் மாடுகளைக் கொல்கிறது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

1876-ல் இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போய், ஃபெர்டினாண்ட் கோன் என்ற தாவரவியல் பேராசிரியரின் முன்னால் நாள்கணக்கில் செய்து காட்டினார். பெயர் தெரியாத ஒரு கிராமத்து டாக்டருக்கு நேரம் ஒதுக்கிப் பொறுமையாகப் பார்த்தாரே, அந்தக் கோனையும் பாராட்ட வேண்டும். கட்டுரை கோனின் பத்திரிகையிலேயே வெளிவந்தது.

உருளைக்கிழங்கிலிருந்து கடல்பாசிக்கு

1880-ல் பெர்லினில் அரசின் சுகாதார அலுவலகத்தில் வேலை. இப்போது லேப் உண்டு, உதவியாளர்கள் உண்டு. ஆனால் வேறொரு சிக்கல். திரவத்தில் கிருமியை வளர்த்தால் நல்லது கெட்டது எல்லாம் கலந்து குழம்பாகிவிடும். எது நோய்க்கிருமி, எது சும்மா காற்றில் வந்து விழுந்தது என்று பிரிக்க முடியாது.

வழி காட்டியது உருளைக்கிழங்கு. வேகவைத்து வெட்டிய கிழங்கைத் திறந்து வைத்தால், அதன் மேல் தனித்தனிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே வகைக் கிருமி மட்டும்! கெட்டியான பரப்பில் விழுந்த கிருமி நகர முடியாமல் அங்கேயே பெருகிக் குடும்பமாகிவிடுகிறது. எல்லாக் கிருமியும் கிழங்கில் வளராது என்பதால், ஊட்டச் சாறோடு ஜெலட்டினைக் கலந்து கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தார். அதுவோ உடம்புச் சூட்டில் உருகி ஓடியது.

கை கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. கோக்கின் லேபில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி. அவர் சமையலில் ஜெல்லி செய்யப் பயன்படுத்தியது அகர். நம் வீடுகளில் நோன்புக் காலத்தில் காய்ச்சுவார்களே, அதே கடல்பாசி. வெயில் நாளிலும் உருகாது. அதைப் போட்டுப் பாருங்கள் என்றார் ஃபேனி. இன்று உலகத்தின் எந்த மூலையில் கல்ச்சர் டெஸ்ட் செய்தாலும் தட்டில் இருப்பது பெரும்பாலும் அகர்தான். கோக் தன் கட்டுரையில் அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஃபேனியின் பெயரை எழுதவில்லை. மூடி போட்ட வட்டத் தட்டை 1887-ல் அறிமுகப்படுத்திய உதவியாளர் பெட்ரியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1882 மார்ச் 24

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஏழு மரணத்தில் ஒன்று காசநோயால். அது பரம்பரையாக வருவது, உடல்வாகால் வருவது என்றுதான் பல மருத்துவர்களே நம்பினார்கள்.

காசநோய்க் கிருமி லேசில் சாயம் ஏற்காது. அதனால்தான் அத்தனை பேர் கண்ணுக்கும் தப்பியது. கோக் மெத்திலின் நீலத்தில் காரம் சேர்த்து, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, பிறகு ஒரு பழுப்புச் சாயம் போட்டார். சதையெல்லாம் பழுப்பாக, நடுவில் மெல்லிய நீலக் குச்சிகள். கல்ச்சரிலும் அது பிடிவாதம் பிடித்தது. மற்றக் கிருமிகள் ரெண்டு நாளில் தெரியும்; இதுவோ ரெண்டாவது வாரத்தில்தான் கண்ணில் பட்டது. எதுவும் வளரவில்லை என்று தட்டைத் தூக்கிப் போடாமல் அவர் காத்திருந்தார். வளர்ந்ததை கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் காசநோய் வந்தது.

பெர்லினில் உடலியல் கழகக் கூட்டத்தில், மேசை நிறைய ஸ்லைடுகளைப் பரப்பிவைத்து இதைச் சொன்னார். கேள்வி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கூட்டத்தில் இருந்த இளைஞர் பால் எர்லிக் சாயமிடும் முறையை உடனே மேம்படுத்தினார். அதை ஸீல், நீல்சன் என்ற இருவர் இன்னும் திருத்தினார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை என்று செய்வது பல காலமாக இந்த முறைதான்: நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி தெரிந்தால் காசநோய். மார்ச் 24 இன்று உலகக் காசநோய் நாள்.

கல்கத்தா குளம்

1883-ல் எகிப்தில் காலரா. ஜெர்மனி கோக்கை அனுப்பியது, பிரான்ஸ் பாஸ்டரின் ஆட்களை அனுப்பியது. பிரெஞ்சுக் குழுவின் இளம் மருத்துவர் லூயி தூலியே காலராவிலேயே இறந்துபோனார். பாஸ்டருக்கும் கோக்குக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் கோக் அந்த இறுதிச் சடங்குக்குப் போனார்.

எகிப்தில் நோய் அடங்கியதும், காலராவின் தாய்வீட்டைத் தேடி டிசம்பரில் கல்கத்தா வந்தார். 1884 ஜனவரியில், கமா மாதிரி வளைந்த அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். புறநகரில் ஒரு குளத்தைச் சுற்றிய குடிசைகளில் வரிசையாகக் காலரா. குடிப்பது, குளிப்பது, நோயாளியின் துணி துவைப்பது எல்லாம் அதே குளத்தில். தண்ணீரைச் சோதித்தார், கிருமி இருந்தது. (இத்தாலியின் பசினி 1854-லேயே இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை.)

இங்கே ஒரு வேடிக்கை. ஒரு கிருமியைக் குற்றவாளி என்று சொல்ல கோக்கின் வழியில் மூன்று விஷயம் வேண்டும்: நோயாளிகளிடம் அது இருக்க வேண்டும், தனியாக வளர்க்க முடிய வேண்டும், அதைச் செலுத்தினால் நோய் வர வேண்டும். காலராவில் மூன்றாவது நடக்கவில்லை. எந்த விலங்குக்கும் அவரால் காலராவைக் கொடுக்க முடியவில்லை. மற்ற ஆதாரமே போதும் என்று முடிவு செய்தார், சரியாகத்தான் செய்தார். பிரிட்டிஷ் அரசு அனுப்பிய குழு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களைத் தனிமைப்படுத்த வேண்டுமே, வியாபாரம் என்னாவது? 1892-ல் பெட்டன்கோஃபர் என்ற முதிய பேராசிரியர் காலராக் கல்ச்சரையே குடித்துக் காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்துக்கொண்டார். அதே வருஷம் ஹாம்பர்க் நகரம் ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்து ஆயிரக்கணக்கில் உயிர்களை இழந்தது. ஒட்டியிருந்த அல்டோனா, அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டியதால் பெரிய அளவில் தப்பியது. கோக் சொன்னதை அதற்குப் பிறகு பெரிதாக யாரும் மறுக்கவில்லை.

மருந்து என்று சொன்னது

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி. 1890-ல் பெர்லினில் உலக மருத்துவ மாநாடு. காசநோயைத் தடுத்து நிறுத்தும் ஒரு பொருளைக் கண்டுபிடித்திருப்பதாக கோக் அறிவித்தார். என்ன பொருள், எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. தன்மேலேயே கால் மில்லி ஊசி போட்டுப் பார்த்திருந்தார். நடுக்கம், மூச்சுத் திணறல், 39.6 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்.

சொன்னது கோக் ஆயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? காசநோயாளிகள் ரயில் ரயிலாக பெர்லினுக்கு வந்து குவிந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஒரு இளம் டாக்டர் நேரில் பார்க்க வந்தார். பெயர் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதியவரேதான். வார்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரப்பட்டு நம்ப வேண்டாம் என்று பத்திரிகைக்கு எழுதினார்.

டாயில் சொன்னதே சரி. ஊசி போட்டவர்களில் பலருக்கு ஒரு மாற்றமும் இல்லை, சிலர் மோசமாகி இறந்தார்கள். 1891 ஜனவரியில் விர்சோ என்ற மூத்த நோயியல் நிபுணர், இறந்தவர்களின் உடலைத் திறந்து, நோய் புதிய இடங்களுக்குப் பரவியிருப்பதைக் காட்டினார். அதன் பிறகுதான் கோக் ரகசியத்தை உடைத்தார். அது காசநோய்க் கிருமியின் கல்ச்சரிலிருந்து கிளிசரின் கொண்டு எடுத்த சாறு, அவ்வளவுதான். குணமான கினிப்பன்றிகள் எங்கே என்று கேட்டதற்கு அவரிடம் சரியான பதில் இல்லை. மாட்டுக் கண் நீரில் துளி துளியாக மாற்றித் தன் முடிவைத் தானே சந்தேகப்பட்ட அதே மனிதர்! அரசின் அவசரம், பாஸ்டரோடு போட்டி, அந்த மருந்தில் கிடைக்கக்கூடிய பணம் என்று வரலாற்றாசிரியர்கள் காரணங்கள் சொல்கிறார்கள். என்ன சொன்னாலும், பெர்லினில் நம்பி வந்து படுத்த நோயாளிகளுக்கு அது சமாதானம் ஆகாது.

ஆனால் அந்தச் சாறு வீணாகவில்லை. உடம்பில் காசநோய்க் கிருமி ஏற்கெனவே நுழைந்திருந்தால்தான் அதற்குப் பலமான எதிர்வினை வந்தது. மருந்தாகத் தோற்றது பரிசோதனையாக ஜெயித்தது. 1907-ல் பிர்கே அதைத் தோலில் கீறி வைத்துப் பார்த்தார், 1908-ல் மான்டூ தோலுக்குள் ஊசியாகப் போட்டார். முன்கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் மான்டூ டெஸ்ட் பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் போடுவது அந்தச் சாற்றின் சுத்திகரித்த வடிவம்.

கடைசி வருஷங்கள்

எம்மியை விவாகரத்து செய்து, 1893-ல் தன்னைவிட 29 வயது இளையவரான ஹெட்விக்கைக் கல்யாணம் செய்தார். பெர்லின் பெரிய மனிதர்கள் காசநோய் ஊசியைவிட இதைப் பற்றித்தான் அதிகம் வாயை மென்றார்கள். இளவயது ஆசை இப்போது நிறைவேறியது: தென்னாப்பிரிக்காவில் மாட்டுக் கொள்ளைநோய், 1897-ல் பம்பாயில் பிளேக். 1901-ல் மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று சொன்னது இன்னொரு சறுக்கல். பிரிட்டிஷ் ராயல் கமிஷன் அதைப் பத்து வருஷம் ஆராய்ந்து தவறென்று காட்டியது. பாலைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே காலத்தில் ஜெர்மனியின் டிரியர் பகுதியில் டைபாய்டைத் துரத்தினார். நோயாளிகளை மட்டும் பார்க்காமல், அக்கம்பக்கத்தாரின் மலத்தையும் கல்ச்சர் செய்தார். எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிருமியைச் சுமந்து திரியும் ஆட்கள் கிடைத்தார்கள். கிருமி இருந்தாலே நோய் இருக்கும் என்பது எப்போதும் உண்மையில்லை என்று இப்படித்தான் தெளிவானது. இன்றும் அறிகுறி இல்லாதவரின் யூரின் கல்ச்சரில் கிருமி வந்தால் டாக்டர் பல நேரம் ஆன்டிபயாடிக் எழுதாமல் விடுகிறாரே, அதற்குப் பின்னால் இருப்பதும் இதே விஷயம்தான்.

1905-ல் காசநோய் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு. அடுத்த வருஷமே விக்டோரியா ஏரியின் செசே தீவுகளில் தூக்க நோயை ஆராயப் போனார். ஆர்செனிக் கலந்த அடாக்சில் மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்ததில், ஆப்பிரிக்க நோயாளிகள் பலர் நிரந்தரமாகப் பார்வை இழந்தார்கள். பெர்லின் தோல்வியைப் பற்றி எழுதுகிற பலரும் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1910 மே 27-ம் தேதி, பாடன்-பாடன் நகரில் இதய நோயால் இறந்தார். வயது 66. அஸ்தியை பெர்லினில் அவர் தொடங்கிய தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மாடம் கட்டி வைத்தார்கள். ஜெர்மனியின் தொற்றுநோய்க் கணக்கை இன்றும் வெளியிடுவது, அவர் பெயர் தாங்கிய அந்த நிறுவனம்தான்.