முப்பத்திரண்டு வயது மாணவர்
தவத்திரு தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு

ஒவ்வோர் ஆண்டும் மே, சூன் மாதங்களில் நம் பங்கு இல்லத்தின் வராந்தாவில் இடம் இருப்பதில்லை. பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையிலேந்திப் பெற்றோர் காத்திருப்பார்கள். கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சிலர் முகத்தில் மகிழ்ச்சி. பலர் முகத்தில் கவலை. பதினேழு வயதில் பெற்ற எண்களோடு தன் மகனின் எதிர்காலமே முடிந்துவிட்டதென்று என் முன் அமர்ந்து கண்ணீர் விட்ட தாய்மாரும் உண்டு. கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஆயினும் அந்தப் பிள்ளையிடம் ஒரு குருவானவரின் கதையைச் சொல்லி அனுப்பவேண்டும் என்று மனம் விரும்பும். வரிசை நீளமாயிருப்பதால் நேரம் வாய்ப்பதில்லை. விழா மலருக்கு ஏதேனும் எழுதவேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அந்தக் கதையையே எழுதிவிடத் துணிந்தேன்.

சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். முன்னோர் பெயராகிய தனிநாயகம் என்பதைப் பின்னாளில் தமதாக்கிக்கொண்டார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்து நல்ல கல்லூரிகளெல்லாம் ஆங்கிலத்தில் கற்பித்தவை. தமிழ் அவருக்கு வீட்டுமொழியாக இருந்ததே தவிர, அதன் இலக்கியத்தை முறையாகக் கற்கும் வாய்ப்பு அமையவில்லை. இன்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

கொழும்பு புனித பெர்னார்து குருமடத்தில் மெய்யியல் கற்றபின், 1934ஆம் ஆண்டு உரோமை சென்றார். அங்கே ஊர்பானியப் பல்கலைக்கழகத்தில் உலகின் நாற்றிசையிலிருந்தும் வந்த மாணவரோடு ஐந்தாண்டுகள் பயின்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார். ஆப்பிரிக்கத் திருச்சபையின் தொடக்கக் காலத்தை ஆராய்ந்து இறையியலில் முனைவர் ஆனார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் என மொழிமேல் மொழியாகக் கற்றதும் இக்காலந்தொட்டே. (குருமடத்தில் நான் கற்ற சொற்ப இலத்தீனும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆகையால் இந்தப் பட்டியலை எழுதும்போது சற்றே வெட்கமாயிருக்கிறது.) அவ்வளவு மொழிகளுக்கு நடுவிலும் தம்மோடு பயின்ற தமிழ் மாணவரைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரால் அங்கே ஒரு கழகம் அமைத்தார்.

பின்னர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940ஆம் ஆண்டு நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலுள்ள புனித தெரசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. என் கணக்கில் அவர் வாழ்வின் முக்கியமான இடம் இதுதான். அவரைப் பற்றிப் பேசுவோர் உலகத் தமிழ் மாநாடுகளையே பேசுகிறார்கள். வடக்கன்குளத்தை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற குரு. வயது இருபத்தேழு. பள்ளியில் எல்லாரும் எழுந்து நின்று வணங்கும் பதவி. நானே படித்தவன் என்று அமர்ந்திருந்தால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? அவரோ தம் தாய்மொழியில் தமக்கிருந்த குறையைத் தாமே ஒத்துக்கொண்டார். தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணாக்கராக அமர்ந்து சங்க நூல்களையும் இலக்கணத்தையும் பாடம் கேட்டார். பள்ளி வேலை ஒரு பக்கம், குருவானவரின் கடமைகள் மறு பக்கம், இவற்றுக்கிடையே தமிழ்ப் பாடம். ஒரு மாதம் ஆர்வத்தோடு தொடங்கி மறு மாதம் கைவிடும் படிப்பாக அது இருக்கவில்லை. வடக்கன்குளத்தில் அவர் இருந்தது 1945 வரை.

படிக்க நேரமில்லை என்று சொல்லும் கல்லூரி மாணவரை நான் நிறையப் பார்க்கிறேன். உண்மையில் பலருக்கு நேரக் குறைவு இல்லை. தெரியாது என்று சொல்வதற்குத்தான் நாணம். வகுப்பில் விளங்காததைக் கேட்க நாணம், கீழ்வகுப்புப் புத்தகத்தை மறுபடி புரட்ட நாணம், தன்னிலும் இளையவனிடம் கேட்க நாணம். இந்த நாணம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. எங்களைப் போன்ற குருக்களுக்கும் உண்டு.

1945இல் அடிகளார் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். உண்மையில் அது ஏறியதுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. உடன் பயின்றோர் பெரும்பாலும் அவரிலும் இளையோர். அங்கே தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற பேரறிஞரிடம் பாடம் கேட்கும் பேறு வாய்த்தது. முதுகலை முடித்ததும் நின்றுவிடாமல் எம்.லிட். பட்டத்துக்கு ஆய்வும் செய்தார். எடுத்துக்கொண்ட பொருள் சங்கப் பாடல்களில் இயற்கை.

இங்கேதான் பழைய படிப்பு புதிய படிப்போடு கைகோத்தது. சங்கப் புலவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தைப் பகுத்து, அந்நிலத்தின் பூவையும் புள்ளையும் மனித உணர்வோடு பிணைத்துப் பாடியதை, கிரேக்க, இலத்தீன் புலவர்கள் இயற்கையைப் பாடிய முறையோடு ஒப்பிட்டு அவரால் காட்ட முடிந்தது. இலத்தீனைக் குருத்துவத்துக்காகக் கற்றார். அது சங்க இலக்கியத்துக்கு விளக்காயிற்று. அந்த ஆய்வு ஆங்கில நூலாக வெளிவந்து, தமிழறியாத அறிஞரையும் தமிழ்ப் பக்கம் திருப்பியது.

போர்த்துக்கீசியத்தின் கதையும் இதுவே. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு 1554இல் லிஸ்பனில் வெளியிட்ட மறைக்கல்விச் சிறு நூலைப் பற்றியும், தொடக்ககால அச்சு நூல்களைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். அந்தாம் தெ புரோயென்சா என்னும் சேசுசபைக் குரு தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நூலகத்தில் எத்தனையோ பேர் அந்த அலமாரியைக் கடந்து போயிருப்பார்கள். தமிழும் போர்த்துக்கீசியமும் ஒருசேரத் தெரிந்தவருக்கே அது புதையல்.

இடையில் 1952இல் தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். அவ்விதழ் பின்னர் நம் சென்னையிலிருந்த தமிழ்ப் பண்பாட்டுக் கழகத்தின் சார்பில் வெளிவந்தது. அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் துறை அது. ஆனாலும் அவருடைய மாணவப் பருவம் முடியவில்லை! நாற்பது வயதைக் கடந்தபின் இலண்டன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகி, பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இரண்டாம் முனைவர் பட்டம் பெற்றார். பாணரும் புலவரும் அக்காலச் சமுதாயத்துக்கு ஆசிரியராய் விளங்கிய விதத்தைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் ஆசிரியர்கள் வாசிக்கத் தக்கவை.

1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராயிருந்தார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தது. அங்கே வந்திருந்த தமிழார்வலரை அடிகளாரும் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் ஒன்றுகூட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரான்சின் பிலியோசா தலைவர். செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968 சனவரியில் அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சென்னையிலும் நடந்தன.

அந்தச் சென்னை மாநாட்டையொட்டி எழுந்தவைதான் நம் கடற்கரைச் சிலைகள். சாந்தோம் பேராலயத்திலிருந்து வடக்கே நடந்தால் வள்ளுவரும் ஔவையாரும் கண்ணகியும் நிற்கும் அதே வரிசையில் வீரமாமுனிவரும் போப்பையரும் கால்டுவெல்லும் நிற்கக் காணலாம். வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்கத் தொடங்கியபோது அவருக்கும் வயது முப்பதை ஒட்டித்தான். காலையில் அவ்வழியே பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! உரோமையில் இளங்குருமாணவராக வீரமாமுனிவர் பெயரால் கழகம் அமைத்த அடிகளார், முப்பது ஆண்டுகளுக்குப்பின் அம்முனிவரின் சிலை எழுந்த மாநகருக்கு உலக அறிஞரோடு வந்திருந்தார்.

பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார். மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசிலும், நான்காவது 1974இல் அவருடைய சொந்த மண்ணிலும் கூடின. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். நான்கு மாதம் கழித்து, 1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியபோது, அதைத் தொடங்கி வைத்த மாணவர் அங்கே இல்லை.