அப்டன் சிங்க்ளேரும் வெள்ளித்திரையும்

தேர்தலின் முடிவை நிர்ணயிப்பவர்கள் உறுதியான கட்சிக்காரர்கள் அல்லர். அவர்களுடைய வோட்டு எங்கே விழும் என்பது முன்னரே தெரிந்த விஷயம். கடைசி நாள் வரையில் மனம் ஊசலாடி நிற்கும் வோட்டர்களே தராசு முள்ளை அசைக்கிறார்கள். அவர்களுடைய மனத்தைச் சினிமாப் படமும் பிரமுகர்களின் ஆதரவும் எவ்வாறு திருப்பக்கூடும் என்று அறிய விரும்பும் ஊழியர்கள், அமெரிக்க ஆசிரியர் அப்டன் சிங்க்ளேரின் சரித்திரத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிங்க்ளேர் 1878-ம் வருஷம் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தையார் மது விற்றுப் பிழைத்து, அம்மதுவுக்கே அடிமையானவர். தாயாரின் பிறந்த வீடோ செல்வம் கொழித்தது. ஆதலால் வறுமையையும் செல்வத்தையும் சிறு வயதிலேயே அருகருகே கண்டார். ஹாஸ்யத் துணுக்குகளும் மலிவு விலைக் கதைகளும் எழுதிக் கல்லூரிச் செலவைத் தாமே சம்பாதித்தார். 1904-ல் சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில் ஏழு வாரங்கள் பழகி, அங்கே கண்டவற்றைத் 'தி ஜங்கிள்' என்ற நாவலாக எழுதினார். அது 1906-ல் புஸ்தகமாக வெளிவந்தது. அவ்வருஷமே இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், உணவு மருந்துக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டமும் பிறந்தன. ஒரு கதையின் சக்தியால் ஜனங்களின் மனம் மாறுவதைக் கண்ணாரக் கண்டவர் அவர். அதே சக்தி தம்மீது திரும்பும் நாள் வரும் என்று அப்பொழுது அவர் எண்ணியிருக்க மாட்டார்.

பிற்காலத்தில் காலிபோர்னியாவில் குடியேறிய சிங்க்ளேர், சோஷலிஸ்ட் அபேட்சகராக நின்று தோல்வியே கண்டார். 1933-ல் வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டை வாட்டிய சமயம், ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, காலிபோர்னியாவில் வறுமையை ஒழிப்பதற்கென்று ஒரு திட்டம் வகுத்தார். மூடிக் கிடக்கும் ஆலைகளையும் தரிசாய்க் கிடக்கும் நிலங்களையும் சர்க்கார் ஏற்று, வேலையற்றோர் தமக்கு வேண்டியவற்றைத் தாமே உற்பத்தி செய்ய வகை செய்வது, ஏழை முதியோருக்கு மாதம் 50 டாலர் உபகாரச் சம்பளம் அளிப்பது ஆகியவை அதன் சாரம். 1934 ஆகஸ்டில் 4,36,000-க்கு மேற்பட்ட வோட்டுகள் பெற்று, கவர்னர் பதவிக்குக் கட்சியின் அபேட்சகரானார்.

முதலாளிகள் திடுக்கிட்டனர். வேலையற்றோரைக் கொண்டு சர்க்காரே படம் எடுக்கலாம் என்று சிங்க்ளேர் கூறியதால் ஹாலிவுட் அதிபர்களின் கோபம் எல்லை மீறியது. புளோரிடாவுக்குத் தொழிலை மாற்றிவிடுவதாக அவர்கள் மிரட்டினர். எதிர் அபேட்சகர் மெரியத்தின் தேர்தல் நிதிக்கென்று ஸ்டூடியோ ஊழியரிடம் ஒரு நாள் சம்பளம் வசூலித்தனர். அத்துடன் நிற்கவில்லை. மெட்ரோ கம்பெனியின் பிரபல தயாரிப்பாளர் தால்பெர்க்கின் மேற்பார்வையில், செய்திப் படங்கள் போன்ற குறும்படங்கள் தயாராகித் தியேட்டர்களுக்கு இனாமாக அனுப்பப்பட்டன. அவற்றில் கண்ணியமாக உடுத்தியவர்கள் மெரியத்தை ஆதரித்தார்கள். கந்தையணிந்தவர்களும் அரைகுறையாகப் பேசுபவர்களும் சிங்க்ளேரை ஆதரித்தார்கள். நாடோடிகள் ரயிலேறிக் காலிபோர்னியாவுக்குள் கூட்டங்கூட்டமாக நுழைவதும் காட்டப்பட்டது. பத்திரிகை ஒன்றில் வெளியான அத்தகைய 'நாடோடிகள்' படம், 1933-ல் வந்த ஒரு கதைப் படத்தின் காட்சி என்பது பின்னர் வெட்டவெளிச்சமாயிற்று. அவருடைய நாவல்களில் பாத்திரங்கள் பேசிய வார்த்தைகளை அவருடைய சொந்தக் கொள்கைகளாகப் பத்திரிகைகள் தினந்தோறும் அச்சிட்டன.

இந்த யுக்தியின் விஷம் எங்கே இருக்கிறது? மேடைப் பேச்சைக் கேட்கப் போகிறவன் எச்சரிக்கையுடன் போகிறான். பேசுகிறவர் எந்தக் கட்சி என்பது அவனுக்குத் தெரியும். சினிமாவுக்குப் போகிறவனோ பொழுதுபோக்குக்காகப் போகிறான். செய்தி என்ற பெயரில் திரையில் வருவதை அவன் பிரசாரம் என்று சந்தேகிப்பதில்லை. தன் கண்ணால் கண்டதாகவே நினைத்து வீடு திரும்புகிறான். மனம் ஊசலாடுபவனுக்கு இது போதும்.

பிரமுகர் ஆதரவின் கதையும் இதை ஒத்ததே. செப்டம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைச் சந்தித்த சிங்க்ளேர், அவர் வானொலியில் தமக்குச் சாதகமாகப் பேசுவார் என்ற நம்பிக்கையுடன் திரும்பினார். அக்டோபர் கழிந்தது, அந்த வார்த்தை வரவேயில்லை. சொந்தக் கட்சிப் பிரமுகரான கிரீலும் முதலில் அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டார். பெரியோரின் வாய்ச்சொல்லை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு அவர்களுடைய மௌனமே தீர்ப்பாயிற்று.

நவம்பரில் மெரியம் சுமார் 11,38,000 வோட்டுகளும், சிங்க்ளேர் 8,79,000 வோட்டுகளும், மூன்றாமவரான ஹெய்ட் 3,02,000 வோட்டுகளும் பெற்றனர். படங்களே அவரைத் தோற்கடித்தன என்று நாம் சாதிக்க மாட்டோம். தாம் ஜெயித்தால் நாட்டிலுள்ள வேலையற்றோரில் பாதிப்பேர் காலிபோர்னியாவுக்கு வந்துவிடுவார்கள் என்று அவரே விளையாட்டாகச் சொல்லி எதிரிக்கு ஆயுதம் கொடுத்தார். திட்டத்தைக் கண்டு நியாயமாகவே அஞ்சியவர்களும் உண்டு. ஆனால் மெரியத்துக்கும் பாதி வோட்டு கிட்டவில்லை என்பதை நோக்குமிடத்து, நடுவில் நின்றவர்களுக்காகவே அவ்வளவு பணமும் பொய்யும் செலவாயின என்பது விளங்கும்.

சிங்க்ளேர் மனம் ஒடியவில்லை. தோற்ற கதையையே புஸ்தகமாக்கி 1935-ல் வெளியிட்டார். அவருடைய இயக்கத்தில் நின்று சட்டசபை புகுந்த ஆல்சன், 1938-ல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1943-ல் புலிட்ஸர் பரிசு பெற்ற சிங்க்ளேர், 1968-ல் தமது 90-வது வயதில் காலமானார்.

பொய்ப் படம் எதிரியின் கையில் இருக்கும்போது அதைக் கண்டிப்பது எளிது. நமது கட்சிக்குச் சாதகமாக அது ஓடும்போது நாம் வாய் திறப்போமா என்பதே கேள்வி. நட்சத்திரத்தின் முகத்தையும் தலைவரின் சிபார்சையும் காட்டி ஒருவனுடைய வோட்டைப் பெறலாம். அவனுடைய அறிவின் சம்மதத்தைப் பெற முடியாது. அச்சம்மதமில்லாமல் வந்த வோட்டு, அடுத்த படம் ஓடும்போது போய்விடும். ஊசலாடுபவனை ஏமாற்றக்கூடியவன் என்று எண்ணாமல், தீர விசாரிக்கும் நீதிபதி என்று மதித்து, அவன் வீட்டு வாசலில் நின்று உண்மையை எடுத்துரைப்பதே தேசத் தொண்டர்களின் கடமை என்று நாம் கருதுகிறோம்.