புயலைத் துரத்திய பிராங்க்ளின்

இடி இடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், குழந்தைகளே? காதைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடுவீர்களா? பாட்டி பக்கத்தில் இருந்தால் அர்ச்சுனன் பெயரைச் சொல்லச் சொல்லியிருப்பார். உங்களில் சிலர் மட்டும் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, அடுத்த மின்னல் எப்போது வரும் என்று ஆவலோடு பார்ப்பீர்கள். அந்தச் சிலரின் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிமழையில் பட்டம் விட்டவர் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பட்டம் விட்டதை விடப் பெரிய வேலை ஒன்றை அதற்கு 9 ஆண்டுகள் முன்பே அவர் செய்துவிட்டார் என்பது என் எண்ணம். அதற்கு வருவதற்கு முன், அவருடைய இளமைக் காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி பெஞ்சமின் பிறந்தான். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்பவர். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள்! பெஞ்சமின் 15-வது பிள்ளை. இத்தனை பேரைப் படிக்க வைக்க முடியுமா? பெஞ்சமின் பள்ளிக்குப் போனது இரண்டே ஆண்டுகள்தான். 10 வயதில் படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் இரவில் படித்தான். அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. 17 வயதில் ஊரை விட்டே கிளம்பி பிலடெல்பியா நகருக்குப் போய்விட்டான்.

அங்கே அவர் சொந்தமாக அச்சுக்கூடம் தொடங்கினார். பத்திரிகை நடத்தினார். நம் பஞ்சாங்கத்தைப் போல ஒரு நூலையும் ஆண்டுதோறும் வெளியிட்டார். அதில் எந்த நாளில் மழை, எந்த நாளில் காற்று என்றெல்லாம் போட்டிருப்பார். அவை பலிக்காது என்று அவரே கேலியும் செய்வார்! 1737-இல் பிலடெல்பியாவின் தபால் அதிகாரி ஆனார். இந்தத் தபால் வேலையை மறந்துவிடாதீர்கள். கதைக்கு அது தேவைப்படும்.

1743-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி. அது அந்தக் காலத்து ஆங்கில நாட்காட்டிக் கணக்கு. அன்று இரவு 9 மணிக்குச் சந்திர கிரகணம். அதைப் பார்க்க பிராங்க்ளின் ஆசையோடு காத்திருந்தார். ஆனால் 7 மணிக்கே வடகிழக்கிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. வானம் முழுவதும் மேகம். இரவெல்லாம் புயல். நிலாவும் தெரியவில்லை, கிரகணமும் தெரியவில்லை.

இதில் என்ன இருக்கிறது, மழை வந்தால் கிரகணம் தெரியாதுதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சில நாட்கள் கழித்து பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை வந்தது. அதைப் படித்த பிராங்க்ளினுக்கு ஒரே வியப்பு. பாஸ்டனில் கிரகணம் நன்றாகத் தெரிந்ததாம்!

ஏன் வியப்பு? பிலடெல்பியாவுக்கு வடகிழக்கே சுமார் 430 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பாஸ்டன். நம் சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று வடகிழக்கிலிருந்து அல்லவா வீசியது? தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று நாம் சொல்வோம். அதுபோல வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. அப்படியானால் புயல் முதலில் பாஸ்டனைத் தாக்கிவிட்டுத்தானே பிலடெல்பியாவுக்கு வர வேண்டும்?

பிராங்க்ளின் பாஸ்டனில் இருந்த தம் அண்ணனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பதில் வந்தது. அங்கே புயல் தொடங்கியது இரவு ஏறக்குறைய 11 மணிக்குத்தான். அதாவது பிலடெல்பியாவுக்கு 4 மணி நேரம் கழித்து!

அந்தக் காலத்தில் தந்தி கிடையாது, தொலைபேசி கிடையாது. பக்கத்து ஊரில் இப்போது மழையா வெயிலா என்று யாருக்கும் தெரியாது. அவரவர் ஊர் மழை அவரவர் ஊரிலேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதைப் போலத்தான் மக்கள் எண்ணி வந்தார்கள். ஆனால் தபால் அதிகாரியும் பத்திரிகைக்காரருமான பிராங்க்ளினின் மேஜைக்குப் பல ஊர்ச் செய்திகள் வந்து சேர்ந்தன. அந்தப் புயல் எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மற்றப் புயல்களையும் இப்படியே பார்த்தார். வடகிழக்கே போகப் போக நேரம் தள்ளிக்கொண்டே போனது. சந்தேகமே இல்லை. காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. புயலோ தென்மேற்கிலிருந்து வடகிழக்கை நோக்கி நடக்கிறது!

இது எப்படி முடியும்? பிராங்க்ளின் ஒரு வாய்க்காலை உதாரணம் காட்டினார். வயல் பக்கம் போயிருக்கிற பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். நீர் நிறைந்த நீண்ட வாய்க்காலின் ஒரு முனையில் மடையைத் திறக்கிறீர்கள். எந்த நீர் முதலில் நகரும்? மடைக்குப் பக்கத்தில் இருக்கிற நீர். பிறகு அதற்குப் பின்னால் இருப்பது. அதன் பிறகு அதற்கும் பின்னால் இருப்பது. நீர் மடையை நோக்கி ஓடுகிறது, ஆனால் நகரத் தொடங்குவது மட்டும் மடையிலிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. தெற்கே எங்கோ வெப்பத்தால் காற்று மேலே எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்ப வடகிழக்கில் இருக்கும் காற்று வரிசையாக ஓடி வருகிறது என்று அவர் விளக்கினார்.

இன்றைய விஞ்ஞானிகள் இதை இன்னும் சரியாகச் சொல்கிறார்கள். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. சுற்றிலும் உள்ள காற்று அதை நோக்கி வளைந்து வளைந்து பாய்கிறது. பூமியின் வட பாதியில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். சுற்றிக்கொண்டே மொத்தப் புயலும் இடம் பெயரும். பம்பரத்தைப் பாருங்கள். அது சுழலும் திசை வேறு, தரையில் நகரும் திசை வேறு அல்லவா? வங்கக் கடலில் சென்னைக்குக் கிழக்கே ஒரு புயல் இருந்தால், சென்னையில் காற்று வடக்கிலிருந்து வீசும். புயல் வருவதோ கிழக்கிலிருந்து!

நான் ஆசிரியராக இருந்தபோது நாலைந்து கிராமங்களிலிருந்து பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால், யார் ஊரில் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். மேகம் எந்த வழியாக வந்தது என்று பிள்ளைகளே கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள். நீங்களும் வெளியூரில் இருக்கும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ தொலைபேசியில் கேட்டு எழுதிப் பாருங்கள்.

இனி மின்னலுக்கு வருவோம். 42 வயதில் பிராங்க்ளின் அச்சுத் தொழிலைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் வருகிற சின்னஞ்சிறு பொறியும், வானத்து மின்னலும் ஒன்றுதானோ என்ற எண்ணம் அவருக்கு. இரண்டுக்கும் ஒளி உண்டு, சத்தம் உண்டு, இரண்டும் வளைந்து நெளிந்து ஓடுகின்றன, உலோகத்தின் வழியே பாய்கின்றன. இதைச் சோதிக்கும் வழியையும் அவர் எழுதி அனுப்பினார். அந்த வழியில் 1752 மே மாதம் பிரான்ஸ் நாட்டில் உயரமான இரும்புக் கம்பியை நட்டு, மேகத்திலிருந்து வந்த மின்சாரத்தால் பொறி வரவழைத்தார்கள்.

அந்தச் செய்தி வந்து சேரும் முன்பே, ஜூன் மாதத்தில், பிராங்க்ளின் பட்டு கைக்குட்டையால் பட்டம் செய்தார். படங்களில் பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்பது போல வரைவார்கள். அது தவறு. உதவிக்கு வந்த மகன் வில்லியமுக்கு அப்போது 20 வயதுக்கு மேல். பட்டத்தின் உச்சியில் கூரான கம்பி. நூலின் கீழ் முனையில் ஒரு சாவி. கையில் பிடிக்க, நனையாத பட்டு நாடா. இருவரும் கூரைக்குக் கீழே நின்றார்கள். மேகம் ஒன்று கடந்தபோது நூலின் பிசிறுகள் மயிர்க்கூச்செறிந்தது போல நிமிர்ந்து நின்றன. சாவிக்கு அருகே விரல் முட்டியைக் கொண்டுபோனார். சுரீரென்று ஒரு பொறி!

பட்டத்தின் மீது மின்னல் விழுந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். விழவில்லை. மேகத்தில் இருந்த மின்சாரம் நூல் வழியே கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். விழுந்திருந்தால் பிராங்க்ளினின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த ஆண்டே, 1753-இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மான் என்ற விஞ்ஞானி தம் வீட்டில் கம்பி வைத்து இதே போன்ற சோதனை செய்தபோது மின்சாரம் பாய்ந்து இறந்து போனார். ஆகவே இடிமழையில் பட்டம் விடும் ஆசை யாருக்கும் வேண்டாம். இடி காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். வீட்டுக்குள் போய், ஜன்னலைத் தொடாமல், மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. 15 விநாடி என்றால் 5 கிலோமீட்டர். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் இடிமழை உங்களை நோக்கி வருகிறது.

பிராங்க்ளின் அதே 1752-இல் தம் வீட்டுக் கூரையில் இரும்புக் கம்பி நட்டு, அதிலிருந்து மாடிப்படி வழியாகத் தரை வரை ஒரு கம்பியைக் கொண்டுபோனார். நடுவில் கம்பியை வெட்டி, இரண்டு முனையிலும் சிறு மணிகள். நடுவே பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. மின்சாரம் உள்ள மேகம் வீட்டுக்கு மேலே வந்தால் குண்டு ஆடி, மணி தானாகவே அடிக்கும்! ஒருநாள் இரவு பெரிய சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தால், மணிகளுக்கு நடுவே வெள்ளை வெளிச்சம். தரையில் கிடக்கும் குண்டூசியைக்கூட எடுக்கலாம் போல மாடிப்படி பளிச்சென்றிருந்தது. அவருக்கு ஆனந்தம். மனைவி டெபோராவுக்கோ நடுக்கம்! பின்னர் கணவர் லண்டனில் இருந்தபோதும் அந்த மணி அடித்துக்கொண்டிருந்தது. பயமாக இருந்தால் இரண்டு மணிகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிடும்படி 1758-இல் அவர் கடிதத்தில் வழி சொன்னார். வீட்டில் தனியாக இருந்த அந்த அம்மாவை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கம்பிதான் இடிதாங்கி. மின்னலைச் சுவருக்குள் புகவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடும். அதுவரை ஐரோப்பாவில் இடி இடித்தால் தேவாலய மணியை அடிப்பார்கள். மணிக்கோபுரம்தான் ஊரிலேயே உயரம். மணி அடிக்கப் போனவர்கள் மின்னலுக்குப் பலியானார்கள். 1760-இல் பிலடெல்பியாவில் ஒரு வணிகர் வீட்டை மின்னல் தாக்கியது. இடிதாங்கியின் நுனி உருகியது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடிதாங்கிக்காகப் பிராங்க்ளின் காப்புரிமை வாங்கவில்லை. செய்முறையை 1753-ஆம் ஆண்டுக்கான தம் பஞ்சாங்கத்திலேயே அச்சிட்டுவிட்டார்.

1755-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. மேரிலாந்தில் நண்பர்களோடு குதிரையில் போகும்போது, பாதையில் புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஒரு சூறாவளி எழுந்தது. மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். 49 வயது பிராங்க்ளின் குதிரையைத் தட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே போனார். சவுக்கால் அடித்து அதைக் கலைக்கப் பார்த்தார். அது கலைந்தால்தானே! அது நகர்ந்த வேகம் ஓர் ஆள் நடந்துபோகும் வேகம்தான். சுழன்ற வேகமோ பயங்கரம். காட்டுக்குள் நுழைந்து சருகுகளை வாரி மேலே தூக்கியது. ஒடிந்த மரக்கிளைகள் பறக்கத் தொடங்கியதும்தான் அவர் திரும்பினார். மகன் வில்லியம் இன்னும் கொஞ்சதூரம் போனார். புகையிலை பயிரிட்ட பழைய வயல் ஒன்றில், தூக்குவதற்குத் தூசியோ இலையோ கிடைக்காமல் அது கண்ணுக்கு மறைந்தது. இந்தப் பகுதியில் இப்படி அடிக்கடி வருமா என்று பிராங்க்ளின் கேட்க, இல்லை, அவருக்கு விருந்து வைப்பதற்கென்றே இதை வரவழைத்ததாக நண்பர் டாஸ்கர் பதில் சொன்னாராம்.

பிறகு நாட்டு வேலைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1776-இல் அமெரிக்காவின் விடுதலை அறிக்கையை உருவாக்கிய குழுவில் இருந்தார். பிரான்சில் தூதராக இருந்து உதவி திரட்டினார். 1783-இல் ஐரோப்பாவை மூடிய விந்தையான மூடுபனிக்கு ஐஸ்லாந்து எரிமலைப் புகை காரணமாக இருக்கலாம் என்று அங்கேயும் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1785-இல் கப்பலில் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 79. கால் வீக்கமும் வலியும் அவரை வாட்டின. ஆனாலும் வழியெல்லாம் கடல்நீரில் வெப்பமானியை இறக்கி அளந்து, அட்டிலாண்டிக் கடலுக்குள் ஆறு போல ஓடும் வெந்நீரோட்டத்தின் கரை எது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1790 ஏப்ரல் 17-ஆம் தேதி, 84-வது வயதில், பிலடெல்பியாவில் காலமானார்.