அறிஞர் மெச்னிகாவ்

இலியா மெச்னிகாவ் 1845-ஆம் ஆண்டில் உக்ரெயினிலுள்ள கார்க்கோவ் நகரையடுத்த சிற்றூரொன்றிற் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்து நான்காண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டில் முடித்தனர் என்பது மாணவராகிய நமக்கு வியப்போடு நாணமும் தருவதாம்.

முதல் மனைவியார் காசநோயால் 1873-ல் மறைந்தார். அத்துயரம் ஆற்றாது அவரும் உயிர் துறக்க முயன்று, அரிதிற் பிழைத்தார்.

1882-ல் ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகரிற் சென்று தங்கினார். ஒருநாள் வீட்டார் யாவரும் சர்க்கஸ் காணச் சென்றிருந்தனர். தனித்திருந்த அவர், கண்ணாடிபோலும் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சின் உடலுக்குள் அலைந்து திரியும் உயிரணுக்களை நுண்ணோக்கியால் நோக்கிக்கொண்டிருந்தார். இவை பகையை எதிர்க்கும் காவலர் ஆகலாகாதோ என்னும் எண்ணம் மின்னலென எழுந்தது. உடனே தோட்டத்து ரோஜா முட்களைக் கொணர்ந்து குஞ்சுகளின் தோலினுட் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடிந்து பார்க்குங்கால், அவ்வணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன!

விழுங்கணுக் கொள்கை இவ்வாறு பிறந்தது. குருதிநீரே கிருமியைக் கொல்வது என வாதித்த ஜெர்மானிய அறிஞர் பலர் இதனை ஏற்றிலர். 1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இருந்துகொண்டு அவர் ஓயாது போராடினார். ஈற்றில் 1908-ல் நோபெல் பரிசு அவருக்கும், எதிரணியினராகிய எர்லிக் என்பார்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு சாராரும் உண்மையிற் பாதியை உடையராயிருந்தனர்.

முதுமையில் அவர் கருத்துக் குடலின்பாற் சென்றது. பெருங்குடற் கிருமிகளின் நஞ்சு உடலை நலிவிக்க, அக்காவலணுக்களே மூளை முதலிய மேலான உறுப்புக்களின் அணுக்களைத் தின்னத் தொடங்கும் என்றும், அதுவே மூப்பு என்றும் கருதினார். புளித்த பாலை நாடோறும் அருந்தினார். மறுமையில் நம்பிக்கையற்றவராதலின் இம்மையை நீட்டிக்க இத்துணை முயன்றார் போலும். ஆயினும் 1916-ல், எழுபத்தோராம் வயதில், இருதய நோயால் இறந்தார்.

மூப்பைப்பற்றி அவர் கூறியது பெரும்பாலும் நிலைபெறவில்லை. ஆனால் காவலரே கேடு விளைத்தல் கூடும் என்ற ஐயம் வீண்போகவில்லை. விழுங்கணுக்களிலும் குடற்சுவரின் அணுக்களிலும் டோல் ஏற்பிகள் என்பன உள. அவை கிருமியின் கூறுகளைத் தொட்டறிந்து அணுவின் உள்ளே செய்தி விடுக்கும். பிறவியிலேயே குடற்கட்டி தோன்றும் இயல்புடைய எலிகளில், அச்செய்தியைக் கடத்தும் புரதத்தை நீக்கியபோது கட்டிகள் குறைந்தன என 2007-ல் ஆய்வாளர் கண்டனர். எனவே, காவலுக்கென எழுந்த செய்தி கட்டியையும் வளர்க்கின்றது. அதே புரதம் இல்லாத எலிகளின் குடல் புண்பட்டால் செவ்வனே ஆறாமற் பெருங்கேடுறும் என்பது 2004-லேயே அறியப்பட்டிருந்தது. ஆதலின் அக்காவலை அடியோடு நீக்கவும் மருத்துவர் துணியார்.