ஞாயிற்றைத் துணைக்கொண்ட பறவை

யான் வியந்து போற்றும் விலங்கியலறிஞர் குஸ்தாவ் கிராமர், 1910இல் யேர்மனியிற் பிறந்தவர். முதலில் அதிரியாத்திக் கடற்றீவுகளின் பல்லிகளை ஆராய்ந்தார். பின்னர்ப் பறவைகளின்பாற் சென்றது அவருள்ளம். வலசைப் பருவத்திற் கூண்டிலிருந்த ஸ்டார்லிங் பறவை (நம் மைனாவின் சுற்றம்) ஒரே திசை நோக்கிச் சிறகடிப்பதைக் கண்டு, கண்ணாடிகளால் ஞாயிற்றொளியைத் திருப்பினார். பறவையுந் திரும்பிற்று! ஞாயிறோ மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகர்வது. பொழுதறியாத உயிர் அதனைக்கொண்டு திசையறிதல் யாங்ஙனம்? உடலினுள்ளே நாழிகைவட்டில் ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ? இவ்வினாவுக்கு விடை தந்தவர் அவர் மாணாக்கர் ஹொஃப்மன். விளக்கொளியாற் பறவையின் பொழுதை 6 மணிநேரம் பிறழ்த்தியபோது, அது செங்கோண அளவு திசை தவறியதை 1954இல் வெளியிட்டார். பகலிரவு காணாது பொரித்த பல்லிகளிடத்தும் அவ்வட்டில் இயங்கக் கண்டவரும் அவரே. அவ்வாராய்ச்சியின் வளர்ச்சியை நெடிது காணக் கிராமர் கொடுத்துவைக்கவில்லை. 1959இல், இத்தாலியின் கலாப்ரியாவிற் காட்டுப்புறாக் குஞ்சுகளை எடுக்கப் பாறையேறியவர், தவறி வீழ்ந்து இறந்தார். வயது 49.